நாட்குறிப்பு எழுதும்போது: சினிமாப் பாட்டா, வீணையா?

இரவில் நாட்குறிப்பு எழுத உட்காரும்போது பின்னணியில் எது ஓடலாம்? சினிமாப் பாட்டு மனசைச் சட்டென்று இளக்கிவிடும். எழுதவே தோன்றாத நாளில் பேனாவை எடுக்க வைப்பது அதுதான். ஆனால் சரணம் வந்ததும் காது வரிகளின் பின்னால் போய்விடுகிறது. நாலைந்து நிமிடத்தில் பாட்டு முடிந்தால், அடுத்து எது என்று கை போனைத் தேடுகிறது.

வீணை அப்படி இழுப்பதில்லை. அதிலும் எல்லாம் ஒன்றல்ல. தெரிந்த கீர்த்தனையை வாசித்தால் சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள், மனசுக்குள் தானாக ஓடும். அப்புறம் எழுத வந்த வார்த்தை எங்கே நிற்கும்? எனக்குத் தோதானவை, கச்சேரியில் ஒரு ராகத்தை விரிவாக வாசிக்கும் ‘ராகம் தானம் பல்லவி’யின் முதல் இரண்டு பகுதிகளான ஆலாபனையும் தானமும். ஆலாபனையில் தாளக்கட்டும் இல்லை, பாடல் வரியும் இல்லை. வாக்கியம் தன் போக்கில் நீளலாம். தானம் தொடங்கியதும், தாளம் இல்லாமலே ஒரு நடை வந்துவிடும். தந்தியில் விழும் ஒவ்வொரு மீட்டுக்கும் கையெழுத்து வேகம் பிடிக்கும். கல்யாணி ராகமென்றால் நிறுத்தவே மனம் வராது.

அதனால் எழுதும்போது வீணைதான் என் தேர்வு. சினிமாப் பாட்டை நோட்டை மூடிய பிறகு, வேறு வேலையில்லாமல் கேட்பேன். நல்ல வரிகளை அரைக் காதால் கேட்க எனக்கு மனசில்லை.