அடையாறு ஆலமரமும் காலை இருபது நிமிடமும்: நான்கு வருட அனுபவம்

அம்மா தவறி மூன்று மாதம் கழித்துத்தான் தியானம் பக்கம் வந்தேன். இரவில் தூக்கமே வரவில்லை, அதுதான் காரணம். இப்போது நான்கு வருடம் முடிந்துவிட்டது. அன்று என்னைப் போல் தவித்துக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கைபேசியில் ஒரு தியானச் செயலியை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரிவரவில்லை. கண்ணைத் திறந்தால் கை நேராக வாட்ஸ்அப்புக்குப் போகும். அம்மா கடைசியாக அனுப்பிய குரல்பதிவு ஒன்று அங்கே இருந்தது. நான் கேட்காமலே விட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அன்றைய பொழுதே போய்விடும்.

அப்புறம் ஒரு தோழி சொல்லி, திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போனேன். கட்டணம் கிடையாது, முன்பு முகாமை முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு, கைபேசி, புத்தகம், பேனா எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் ஒரே வேலைதான்: மூக்கருகே மூச்சு தானாக வந்துபோவதைப் பார்ப்பது. இழுத்து விடுவதில்லை, எண்ணுவதில்லை, சும்மா பார்ப்பது. இரண்டாம் நாள் பெட்டியைக் கட்டிக் கிளம்பிவிடலாமா என்றிருந்தது. மூன்றாம் நாள் மாலை, காரணம் தெரியாமல் அரை மணி நேரம் அழுதேன். தகனத்தன்றுகூட அப்படி அழவில்லை. நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுவதும் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவ்வளவு நீண்ட முகாமுக்குப் போகாதீர்கள். விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான சிரமம். திருவான்மியூரில் எங்கள் வீடு தெருவை ஒட்டியது. காலை ஐந்தரை மணிக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மோட்டார், பால் வண்டி, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றாக வரும். முதல் வருடம் முழுக்க இவற்றோடு சண்டைதான், ஜன்னலைச் சாத்துவேன், காதில் பஞ்சு வைப்பேன். சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார முடியவில்லை, திறந்தேன். அன்றுதான் மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஒரு செண்பகப் பறவை "ஊப் ஊப்" என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்தியதில்லை. முழங்கால் வலிக்குச் சம்மணத்தை விட்டு நாற்காலிக்கு மாறினேன். பலன் ஒன்றும் குறையவில்லை.

வெளியே போகும் நாட்களில் எனக்கு இரண்டு இடங்கள். ஒன்று பெசன்ட் நகர் கடற்கரை, சூரியன் எழுவதற்கு முன். ஈர மணலில் செருப்பில்லாமல் மெதுவாக நடப்பேன், பாதத்தில் மட்டும் கவனம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. ஒருநாள் விடியலில், மணலில் ஏறி இறங்கிய ஆமைத்தடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அன்று தனியாகத் தியானம் செய்யத் தோன்றவில்லை.

இன்னொன்று அடையாறு பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) வளாகம். 1882-இல் சபையின் தலைமையகம் இங்கே வந்தது. பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அங்குள்ள ஆலமரத்துக்குச் சுமார் 450 வயது என்கிறார்கள். அதன் நடுமரம் 1989-இல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. முதல்முறை போனபோது எனக்கு இது தெரியாது, எது அடிமரம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த ஒரு பெரியவர், "அது போயிடுச்சும்மா. இப்ப நிக்கிறதெல்லாம் விழுது" என்றார். பதில் சொல்ல வரவில்லை. அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் மாதம் ஒருமுறையாவது போகிறேன். மூச்சைக்கூடக் கவனிப்பதில்லை, மரத்தின் முன்னால் இருந்துவிட்டு வருகிறேன்.

நான்கு வருடத்தில் என்ன மாறியது? தூக்கம் ஏழெட்டு மாதத்தில் சரியானது. கோபம் வருகிறது, ஆனால் வருவது தெரிகிறது. பாதி நேரம் வாயைத் திறக்குமுன் அடங்கிவிடுகிறது. பரவசம், ஒளி, காட்சி எதுவும் எனக்கு வந்ததில்லை. அதை எதிர்பார்த்து உட்கார்ந்த நாட்கள்தான் மோசமாகப் போயின. விட்டுப்போன நாட்களும் நிறைய உண்டு. மறுநாள் உட்கார்ந்துவிட்டால் போதும்.

போன தை மாதம், காலையில் எழுந்து உட்கார்ந்து முடித்த கையோடு அந்தக் குரல்பதிவைக் கேட்டேன். பதினோரு விநாடி. "தண்ணி லாரி வந்துச்சாடி? மோட்டார் போட மறந்துடாதே, மேல் தொட்டி காலியா இருக்கும்." இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன்.