டப்பாவில் 70எஸ்-6, உள்ளே காஸ் ரொட்: டிக் வெல்டிங் செய்பவர்கள் கவனம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் டிக் வெல்டிங் (ஆர்கன் வாயுவின் காப்பில் டங்ஸ்டன் முனையால் உருக்கி ஒட்டுவது) செய்யும் எல்லாரும் இதை வாசியுங்கள். 70எஸ்-6 என்பது டிக்கில் மைல்ட் ஸ்டீலை ஒட்ட உருக்கி நிரப்பும் கம்பி, அதாவது ரொட். அந்த லேபிள் ஒட்டிய டப்பாவுக்குள், சுடரில் ஒட்டும் காஸ் வெல்டிங் ரொட்டைப் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். கண்ணால் பார்த்து லேசில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலும் செம்புப் பூச்சு, இரண்டும் 2.4 மில்லிமீட்டர் தடிப்பு.

நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு விறகில் சூடாக்கும் சுடுதண்ணீர்த் தாங்கி செய்துகொண்டிருந்தேன். 3 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தகடு. ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருமுன் பொருத்தியாக வேண்டும். உடம்புப் பகுதியைப் பட்டறையில் இருந்த பழைய ரொட்டில் ஒட்டி முடித்தேன். அடித்தகட்டுக்கு ரொட் போதவில்லை. எப்போதும் வாங்கும் இடத்தில் சரக்கு இல்லாததால் டவுனில் வேறொரு ஹார்ட்வெயார் கடையில் ஐந்து கிலோ டப்பா ஒன்று வாங்கினேன்.

அந்த ரொட்டைத் தொட்டதிலிருந்தே உருகல் அமைதியாக நிற்கவில்லை. பொரிந்தது, தெறித்தது, ஆறும்போது மேலே சிறு ஓட்டை விட்டது. ஆர்கன் அளவைப் பார்த்தேன், டங்ஸ்டனைத் தீட்டினேன், தகட்டைப் பளபளவென்று கிரைண்டர் போட்டுத் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. மேலே தெரிந்த ஓட்டைகளைக் கிரைண்டரில் எடுத்து நிரப்பினால் வெளியே மூடிக்கொண்டது. தண்ணீர் நிரப்பியதும் அடித்தகட்டு ஒட்டு முழுக்க வியர்த்தது. பழைய ரொட்டில் ஒட்டிய பக்கத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்புறம் ஒரே துண்டுத் தகட்டில், அதே ஆர்கன், அதே அம்பியரில் மீதமிருந்த பழைய ரொட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். பழையது அழகாக ஓடியது. ஒட்டின் மேல் கண்ணாடி மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் நின்றன. சிலிக்கன் உள்ள ரொட் அப்படித்தான் விடும். புதியதில் அந்தப் புள்ளி ஒன்றுமே இல்லை, ஓட்டைதான் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே இன்னும் மோசம்.

டேப்பை எடுத்து அளந்தேன். டப்பா லேபிளில் 1000 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. உள்ளே இருந்த ரொட்டோ 914, அதாவது 36 அங்குலம். முனையில் எந்த எழுத்தும் பொறிக்கவில்லை, ஸ்டிக்கரும் இல்லை. வேறு சரக்கை எடுத்து யாரோ காலி டப்பாவில் நிரப்பியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் இது பெரிய விஷயம் என்றால், இரும்பு உருகும்போது அதிலுள்ள கரியும் ஒட்சிசனும் சேர்ந்து வாயுவாகும். அந்த வாயு வெளியே போகுமுன் இரும்பு உறைந்தால் ஊசித்துளை. ரொட்டில் சிலிக்கனும் மாங்கனீசும் இருந்தால் அவை ஒட்சிசனை முதலில் பிடித்துக்கொள்ளும். 70எஸ்-6 இல் மாங்கனீசு 1.4 முதல் 1.85 சதவீதம், சிலிக்கன் 0.8 முதல் 1.15 சதவீதம். ஆர்ஜி 45 என்ற சாதாரண காஸ் ரொட்டில் மாங்கனீசு அரைச் சதவீதத்தைத் தாண்டாது, சிலிக்கன் 0.1 தான். பலத்திலும் ஏணி வைத்தாலும் எட்டாது. 70 என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்ட் தாங்க வேண்டும், 45 என்றால் 45,000. மைல்ட் ஸ்டீல் தகடே பொதுவாக 58,000க்கு மேல் தாங்கும்போது ஒட்டு அதைவிட மெலிந்து நிற்கிறது. காஸ் ரொட்டைக் குறை சொல்லவில்லை. ஒட்சி அசற்றலீன் சுடருக்கு அது நல்ல ரொட்தான். டிக்குக்கு அது ஆகாது.

டப்பாவையும் அறுத்த துண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "இரும்புக்கு இரும்புக் கம்பிதானே தம்பி, எல்லாம் ஒன்றுதான்" என்றார் முதலாளி. "ஒன்று என்றால் ஏன் அண்ணே 70எஸ்-6 விலை எடுத்தீங்க?" என்று கேட்டேன். மூடி திறந்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

கெட்ட ஒட்டின் மேல் நல்ல ரொட்டை ஓட்டினாலும் அடியிலுள்ள வாயு மேலே பொங்கி வரும். அதனால் அடித்தகட்டு ஒட்டை முழுக்கக் கிரைண்டரில் எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டியதாயிற்று. ஆர்கன், டிஸ்க், கூலி எல்லாம் என் கையால்தான். கெஸ்ட் ஹவுஸ்காரர் நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார். நான் செய்தது தண்ணீர்த் தாங்கி, அதுவும் மேலே குழாய் திறந்து விட்டது, அழுத்தம் ஏறாது. இதே ரொட்டில் யாராவது கொழுந்து ஏற்றும் ட்ரெயிலரின் கொக்கியை ஒட்டி, அது நம் இறக்கத்தில் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வாங்கும்போது காசு கொடுக்குமுன் கடையிலேயே டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். நல்ல தயாரிப்பில் ஒவ்வொரு ரொட்டின் முனையிலும் வகை பொறித்திருக்கும், அல்லது சிறு தாள் ஒட்டியிருக்கும். நீளம் லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். பாதியாக வெட்டிக் கட்டி வைத்ததை வாங்கவே வேண்டாம், எந்தப் பாதியில் எழுத்து இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 308, 316 போன்ற வழக்கமான ஸ்டெயின்லஸ் ரொட்டில் காந்தம் இறுகப் பிடித்தால் சந்தேகப்படுங்கள். ஆர்க் வெல்டிங்குக்கு 7018 என்ற பூச்சுப் போட்ட ரொட்டை எடுப்பவர்கள் திறந்து கிடக்கும் பக்கெட்டைத் தொடாதீர்கள். நம் பனிமூட்டத்தில் அந்தப் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தடித்த இரும்பில் ஒட்டு அடுத்த நாள்கூட வெடிக்கும்.

பில்லில் "வெல்டிங் ரொட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். வகையையும் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள். என் பில்லில் 70எஸ்-6 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதையும் டப்பா, ரொட், அறுத்த துண்டு ஆகியவற்றின் படங்களையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. இதே மாதிரி மாட்டிய வேறு பட்டறைக்காரர்கள் இருந்தால் டப்பாவை வீசிவிடாமல் நீங்களும் ஒரு முறைப்பாடு போடுங்கள்.