டிராக்கிகார்பஸ் பனை என்று சொல்லி வாஷிங்டோனியாவைக் கொடுக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் இடுப்புயரப் பனை ஒன்று வாங்கினேன். தொட்டியில் கட்டியிருந்த அட்டையில் "டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி, மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்" என்று அச்சடித்திருந்தது. உறைபனி விழும் இடத்தில் பனை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது இந்த மரத்தைத்தான். சீனாவிலிருந்து 1849இல் தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் பிரிட்டனுக்கு அனுப்பிய கன்றுகள் அங்குள்ள குளிரில் பிழைத்து வளர்ந்தன. அதனால்தான் மரத்துக்கே அவர் பெயர். நானும் பல வருடம் ஆசைப்பட்டு வாங்கியது.

"இப்போதே நடலாமா? குளிர் வரப்போகிறதே" என்று கேட்டேன். "இந்த வகைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக நடுங்கள்" என்றார் விற்றவர். நம்பி நட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் தொடர்ந்து மூன்று இரவு மைனஸ் 9 வரை போனது. ஒரு வாரத்தில் ஓலை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. ஓலை கருகினால் பரவாயில்லை, குருத்து பிழைத்தால் போதும் என்று காத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துக் குருத்தை லேசாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கொழகொழவென்று அழுகி, நாற்றம் அடித்தது. ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் முனை ஒன்றுதான். மற்ற மரங்கள்போல பக்கத்தில் கிளைத்துப் பிழைக்க அதற்கு வழி கிடையாது. அழுகியதைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினேன். கோடை வரை பார்த்தேன், தளிர் வரவில்லை.

செத்த மரத்தைப் பிடுங்கும்போதுதான் மட்டை கையைக் கிழித்தது. ஓரம் முழுக்கக் கொக்கி கொக்கியாக வளைந்த முள். டிராக்கிகார்பஸ் மட்டையில் சின்னச் சின்னப் பல் மட்டும்தான் இருக்கும், இப்படிக் கிழிக்காது. பனை வளர்க்கும் நண்பர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: இது வாஷிங்டோனியா ரொபஸ்டா. வடமேற்கு மெக்சிகோவின் வறண்ட வெப்பப் பகுதியில் வளரும் மரம். மைனஸ் 5, 6 டிகிரியிலேயே ஓலை கருகத் தொடங்கிவிடும். ஆனால் விதையிலிருந்து மளமளவென்று வளரும். மெதுவாக வளரும் டிராக்கிகார்பஸ் அந்த உயரத்துக்கு வரப் பல வருடம் பிடிக்கும். இந்த ஏமாற்றில் லாபம் எங்கே இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில் "தண்ணீர் அதிகமாக விட்டிருப்பீர்கள்" என்றார்கள். மட்டையைக் காட்டியதும், "அட்டை மாறியிருக்கலாம், ஆனால் வெளியில் நட்ட செடிக்கு உத்தரவாதம் இல்லை" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். வெளியில் நடுவதற்கென்றே விற்ற செடிக்கு! பணம் திரும்ப வரவில்லை. அங்கே வரிசையாக இருந்த மற்ற "டிராக்கிகார்பஸ்" தொட்டிகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கொக்கி முள்.

வாங்கும் முன் செடியைத் தொட்டுப் பாருங்கள். மட்டை முள்ளைச் சொல்லிவிட்டேன். அடுத்தது பன்னாடை. ஓரளவு வளர்ந்த டிராக்கிகார்பஸ் என்றால் தண்டைச் சுற்றிக் கோணிப்பைபோலப் பழுப்பு நார் அடர்த்தியாகச் சுற்றியிருக்கும். வாஷிங்டோனியாவில் அப்படி இருக்காது. மாறாக, விசிறி ஓலையின் விளிம்பில் வெள்ளை நூல் தொங்கும், மட்டையின் அடி சிவந்திருக்கும். டிராக்கிகார்பஸ் ஓலை ஆழமாகக் கிழிந்து விரல் விரலாகப் பிரிந்திருக்கும்.

சரியான மரமே கிடைத்தாலும் அட்டையில் உள்ள மைனஸ் 15ஐ அப்படியே நம்ப வேண்டாம். அது வேர் பிடித்து நன்றாக வளர்ந்த மரத்துக்கு, கொஞ்ச நேரக் குளிருக்கு. கண்ணாடிக்கூடத்தின் கதகதப்பில் வளர்ந்த கன்றுக்கு அந்தத் தாங்குதிறன் வந்திருக்காது. குளிரோடு ஈரமும் சேர்ந்து குருத்தில் தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். தொட்டியில் இருந்தால் வேரைச் சுற்றி நாலு பக்கமும் உறைந்துவிடும். வசந்தம் முடிந்து மண் சூடான பிறகு நட்டால்தான் குளிருக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் நடச் சொல்பவர் அந்தக் கன்று பிழைப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இன்னொன்று, பார்க்கப் பனைபோல இருக்கும் சைகஸ் செடியையும் "குளிர் தாங்கும் பனை" என்று விற்கிறார்கள். அது பனையே இல்லை. கடுங்குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் ஊசிப்பனையையோ சாபல் மைனர் என்ற குட்டைப் பனையையோ தேடுங்கள். உயரமாக வளராது, ஆனால் குளிரில் டிராக்கிகார்பஸையும் மிஞ்சும்.

ரசீதில் முழுத் தாவரப் பெயரையும், வெளியில் நட்டாலும் உத்தரவாதம் உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே மட்டையைத் தடவிப் பாருங்கள். கொக்கி முள் இருந்தால் நடாமல், உறைபனி படாத, வெளிச்சமுள்ள இடத்தில் தொட்டியோடு வையுங்கள். அப்புறம் படம் எடுத்துக்கொண்டு, குளிர் வருவதற்குள் போய்க் கேளுங்கள். செடி உயிரோடு இருக்கும்போதே கேட்டால் தண்ணீர் மேல் பழி போட முடியாது.