அம்மா எங்கே இருப்பது: ஊரிலா, சென்னையிலா, முதியோர் குடியிருப்பிலா?

போன ஐப்பசியில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வயது 76. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். நான் சென்னையில், தம்பி சிங்கப்பூரில். அன்று நெல்லை எக்ஸ்பிரஸில் விடிய விடிய ஒரே நினைப்பு: வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் அந்த உறுதி கரைந்துவிட்டது.

ஆறு வாரம் எங்களோடு இருந்தாள். சென்னையில் லிஃப்ட் இருக்கிறது, குளியலறை படுக்கையறையை ஒட்டியே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். எல்லாம் சரி. ஆனால் காலை எட்டரைக்கு நாங்கள் கிளம்பினால் திரும்ப ஏழாகிவிடும். அதுவரை சாத்திய கதவுக்குள் அம்மா மட்டும். ஊரிலோ ஆறு மணிக்குப் பால்காரர் குரல் கொடுப்பார். பத்து மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவாள். "அங்க எவளாவது ஒருத்தி சாப்பிட்டாச்சான்னு கேப்பா. இங்க பெல் அடிச்சா பார்சல்காரந்தாம்ட்டி" என்றாள் அம்மா.

அப்புறம்தான் கேள்வியையே மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அம்மா விழுந்தால் எவ்வளவு நேரத்தில் ஒரு ஆள் பார்ப்பார்? ஊரில் ஐந்து நிமிடத்தில் அத்தை ஓடி வந்துவிட்டாள். என் வீட்டில் காலை பத்து மணிக்கு விழுந்திருந்தால் ராத்திரி ஏழு மணிதான். அதே சமயம், பக்கவாதம் என்றால் கணக்கு வேறு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் எடுத்து ஊசி போடும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் பாளையங்கோட்டை வரை போக வேண்டும். அந்த விஷயத்தில் சென்னைதான் மேல். தினப்படி சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு ஊரில் குறையில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே வருகிறது.

தம்பிக்குக் கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்புகள் மேல் ஆசை. ஒன்றைப் போய்ப் பார்த்தேன். மூன்று வேளைச் சாப்பாடு, கட்டில் பக்கத்தில் அவசர மணி, இரவிலும் நர்ஸ், பேச்சுத் துணைக்குச் சம வயதுக்காரர்கள். சமைக்க முடியாமல், அக்கம்பக்கமும் காலியாகிப்போனவர்களுக்கு இது நல்ல இடம், இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும்: படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா? இடையில் கிளம்பினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? நான் பார்த்த இடத்தில் முதல் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை.

மூன்றில் எதை எடுத்தாலும் வீட்டை மட்டும் விற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சென்னை ஒத்துவரவில்லை என்றால் ஊருக்குத் திரும்பலாம். விற்ற வீட்டுக்குத் திரும்ப முடியாது. பிள்ளைகள் பேருக்கு எழுதி வைப்பதாக இருந்தாலும், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) 23-ஆம் பிரிவின்படி, பிள்ளைகள் கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த வரிதான் பெரிய பிடிமானம்.

இப்போதைக்கு நாங்கள் செய்திருப்பது இது. ஐப்பசி முதல் மார்கழி வரை, முற்றம் வழுக்கும் மாதங்களில், அம்மா சென்னையில். பகலில் துணைக்கு ஒரு அம்மாள் வருகிறார். பொங்கலுக்கு ஊர். அங்கே குளியலறையில் கைப்பிடியும் சொரசொரப்பான டைல்ஸும் போட்டாயிற்று, மாற்றுச் சாவி அத்தையிடம். செலவில் பாதி தம்பியுடையது. அம்மா அடுப்பை அணைக்க மறந்தாலோ, மாத்திரையை இரண்டு தடவை போட்டாலோ அன்றே போன் பண்ணும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறோம். அப்போது கோயம்புத்தூரையும் சேர்த்து மறுபடி பேச வேண்டியிருக்கும். அம்மாவுக்கும் அது தெரியும். "கோயில் கொடைக்கு மட்டும் ஊர்ல விட்டிருங்கட்டி" என்கிறாள்.