இலவச சட்ட உதவி மையம்: என் ஜீவனாம்ச வழக்கு அங்கே நடந்த விதம்

எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேன்டீனைத் தாண்டி ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில்தான் இலவச சட்ட உதவி மையம். 2022 மார்ச்சில் முதல் தடவை உள்ளே போனேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு தனி வக்கீலிடம் 25,000 ரூபாய் கொடுத்திருந்தேன். ப்ளவுஸ் தைத்துச் சேர்த்த பணம். எட்டு மாதம் "அடுத்த வாரம் ஃபைல் பண்ணிடலாம்மா" என்றே போனது. கடைசியில் மனுவே போடவில்லை என்று தெரிந்தது. எனக்கு 2019-லேயே விவாகரத்து ஆகிவிட்டது. நான்தான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று சொல்லி என் முன்னாள் கணவர் வாங்கிய தீர்ப்பு அது. அதனால் "விவாகரத்துதான் ஆயிடுச்சே, இனிமே என்ன ஜீவனாம்சம்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அம்மா வீட்டில் எத்தனை நாள் இருப்பது, மகளுக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூட ஃபீஸ் ஏறிக்கொண்டே போகிறது. தெரிந்த அக்கா ஒருத்தர் இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அடித்துப் பார் என்றார். அதில் பேசியவர்கள்தான் இந்த மையத்துக்குப் போகச் சொன்னார்கள்.

மேசையில் ஒரு சட்டத் தன்னார்வலர் அம்மா இருந்தார். வருமானச் சான்றிதழ் எடுத்துப் போயிருந்தேன். "பொம்பளைங்களுக்கு இது வேணாம்மா, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு" என்று திருப்பிக் கொடுத்தார். 1987-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, விவாகரத்துத் தீர்ப்பு நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான் கேட்டார். பத்து நாளில் வக்கீல் ஒருவரைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த சார் முதல் நாளே என் பயத்தைத் தீர்த்துவிட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் மனைவி என்றால் விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவரும் சேர்த்தி. விட்டுப் போனாள் என்ற காரணத்தில் விவாகரத்து கிடைத்திருந்தாலும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. முன்னாள் கணவர் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை, நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் இது 144-ஆவது பிரிவு. ஆனாலும் கோர்ட்டில் எல்லோரும் இன்னும் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மையத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு பேரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குப் படிவமே போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்ப நானும் தன்னார்வலர் அம்மாவும் இரண்டு மதியம் உட்கார்ந்தோம். வாடகை, சிலிண்டர், வேன் ஃபீஸ், மகளுக்கு வீசிங் வந்தால் வாங்கும் மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டார். தையல் வருமானம் என்று ஒரு வரி வந்தபோது நான் பேனாவை நிறுத்தினேன். மாதம் 6,000, பண்டிகை வந்தால் 8,000 வரும். அதைக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது என்று தனி வக்கீலின் குமாஸ்தா சொல்லியிருந்தார். சார் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: "எழுதுங்க. மறைச்சா உங்க பேச்சு எதையுமே நம்ப மாட்டாங்க. கொஞ்சம் சம்பாதிக்கிறதுனால உரிமை போயிடாது." தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலை என்றால் பிச்சையெடுக்கும் நிலை என்று அர்த்தமில்லை, இதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். எழுதினேன். பின்னால் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

நடுவில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். மொத்தமாக மூன்று லட்சம் தருகிறோம், இனிமேல் எதுவும் கேட்கக் கூடாது என்று அவர் பக்கத்தில் சொன்னார்கள். மூன்று லட்சத்தை நான் ஒன்றாகப் பார்த்ததே கிடையாது. கையெழுத்துப் போட்டிருப்பேன். தன்னார்வலர் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, வழக்குக் கட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். மகளுக்கு 18 ஆக ஒன்பது வருஷம், 108 மாதம். வகுத்தால் மாதம் 2,800 கூட வரவில்லை, அதுவும் இரண்டு பேருக்கு. "முடிவு உன்னோடது, நான் கணக்கு மட்டும் சொன்னேன்" என்றார். உள்ளே போய் வேண்டாம் என்று சொன்னேன்.

மனு போட்டது 2022 ஏப்ரலில். இடைக்கால ஜீவனாம்சமாக மாதம் 6,000 நவம்பரில்தான் கிடைத்தது. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடிய வரை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. என் வழக்கில் நோட்டீஸ் சேருவதற்கே மூன்று மாதம் போனது.

இங்கேதான் நான் குறைத்த ஒரு மதிப்பெண். சாருக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த வக்கீலைப் போடுவதற்குள் இரண்டு வாய்தா யாரும் இல்லாமல் போனது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு மெசேஜ் கூட இல்லை. மூன்றாவது வாய்தாவுக்கு நானே போய் நின்றபோதுதான் தெரிந்தது. வழக்கு தள்ளுபடி ஆகாமல் தப்பியது நல்ல நேரம். அன்றிலிருந்து ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் 16 இலக்க எண்ணைப் போட்டு நானே தேதி பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் ஒருவர் "செலவுக்கு" என்று 500 ரூபாய் கேட்டு வாங்கினார். இரண்டாவது தடவை கேட்டபோது இந்த மையத்தை நடத்தும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். மறுபடி யாரும் கேட்கவில்லை. இலவச சட்ட உதவியில் வக்கீல் கட்டணம் அரசு கொடுக்கிறது, நம்மிடம் வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவதாக வந்த மேடம் என் வயதுக்காரர். அவர் குறுக்கு விசாரணை செய்த நாளை நான் மறக்கவே மாட்டேன். என் முன்னாள் கணவர் லேத் பட்டறையில் கூலிக்கு வேலை பார்ப்பதாகவும் மாதம் 15,000 வருவதாகவும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். பட்டறையே அவருடையது என்று எனக்குத் தெரியும், ஆனால் கையில் காகிதம் இல்லை. மேடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் கொடுத்த செலவுப் பக்கத்தை அவரிடமே நீட்டி, ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். லோடு ஆட்டோ தவணை 9,400. வீட்டு வாடகை 6,000. எல்.ஐ.சி. 2,200. "கூட்டிச் சொல்லுங்க" என்றார். அவர் பேசவில்லை. "17,600. வருமானம் 15,000. சாப்பாடு இன்னும் இதுல வரலையே, எப்படிச் சமாளிக்கிறீங்க?" நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

2023 செப்டம்பரில் தீர்ப்பு. அவர் சொன்ன வருமானம் நம்பும்படி இல்லை, என் வருமானத்தை நான் மறைக்கவில்லை என்று இரண்டையும் எழுதி, எனக்கு 7,000, மகளுக்கு 5,000 என்று மாதம் 12,000 கொடுக்கச் சொன்னார்கள். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று வெளியில் ஒரு கணக்கு சொல்வார்கள். 2017-இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து வந்த பேச்சு அது. எல்லா வழக்குக்கும் அது அளவுகோல் இல்லை என்று மேடம் சொன்னார். இருவரின் வருமானம், வாழ்ந்த நிலை, பிள்ளையின் தேவை, அவர் தாங்க வேண்டிய மற்ற பொறுப்புகள் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. ஆக 18 மாதத்துக்கு 2,16,000. இடைக்காலமாக அவர் கட்டியது ஏழு மாதம், 42,000. பாக்கி 1,74,000. தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிய அன்று எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஐந்து மாதமும் ஒரு பைசா வரவில்லை.

பணத்தை வசூலிக்கத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். ஒவ்வொரு தொகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கேட்க முடியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தரட்டும், தரட்டும் என்று காத்திருந்தே இந்தக் கெடுவை விட்ட இரண்டு பேரை நான் அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். மேடம் 2024 பிப்ரவரியிலேயே போட்டுவிட்டார். முதலில் சொத்தை ஜப்தி செய்ய வாரண்ட், அதிலும் வராவிட்டால் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்விட்டு வந்தாலும் பாக்கி தீர்ந்துவிடாது. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடிக்க வைக்கலாம். இவருக்கு அது பொருந்தவில்லை.

வாரண்ட் இரண்டு தடவை "விலாசத்தில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை பட்டறையின் விலாசத்தையும், காலை ஒன்பது மணிக்கு அவர் ஷட்டரைத் திறக்கும் நேரத்தையும் எழுதி மனுவோடு சேர்த்தோம். அந்த வாய்தாவுக்கே 60,000 ரூபாய் டி.டி.யோடு வந்து நின்றார். மீதியைத் தவணையாகக் கட்ட நீதிமன்றம் அனுமதித்தது.

அதோடு விடவில்லை. பட்டறை நஷ்டம், மறுமணம் செய்துவிட்டேன் என்று தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட்டார். நிலைமை மாறினால் கூட்டவும் குறைக்கவும் இரு தரப்புக்கும் வழி இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் மாறியதற்கு ஆதாரம் வேண்டும். நஷ்டத்துக்கு ஒரு காகிதமும் அவர் காட்டவில்லை, தள்ளுபடி ஆனது. இப்போது நான் கூட்டிக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். மகள் ஹைஸ்கூல் போய்விட்டாள், 2022-இன் ஃபீஸ் ரசீதையும் இந்த வருஷத்து ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமை கூட்டம் தாங்காது, வியாழன் மதியம் போனால் நின்று நிதானமாகக் கேட்பார்கள். குழந்தையைக் கூட்டிப் போனால் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப் போங்கள், உட்கார இரண்டு பெஞ்சுதான். பணம் வரும் கணக்குக்குத் தனி பாஸ்புக் வைத்து மாதம் தவறாமல் என்ட்ரி போட்டு வையுங்கள். வாரண்ட் மனுவுக்கு முதலில் கேட்பது அதைத்தான். அந்தத் தன்னார்வலர் அம்மா இப்போது செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருகிறார்.