மாணவர் நலப் பொறுப்புக்கு ஐந்து நாள் பயிற்சி: என் மதிப்பீடு

கல்லூரிகளில் மாணவர் நலப் பொறுப்பை ஏற்கும் பேராசிரியர்களுக்கான ஐந்து நாள் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு இதுவும் தானாகவே கைவரும் என்ற எண்ணம் பல கல்லூரிகளில் இன்னும் நிலவுவதால், இத்தகைய பயிற்சி மிகவும் தேவையானது.

மூன்றாம் நாள் வகுப்புக்காகவே இதில் சேரலாம். கட்டணப் பாக்கிக்காக ஹால் டிக்கெட் மறுக்கப்பட்ட மாணவி ஒருவரின் மாதிரி மனுவைக் கொடுத்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அதை மாணவர் குறைதீர் குழுவிடம் சேர்ப்பது, குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவது, முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு என்பதை மாணவிக்குத் தெரிவிப்பது என ஒவ்வொரு படியையும் எங்களையே எழுத வைத்தார்கள். என் பதில் கடிதத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்ட பயிற்றுநர், ஓரத்தில் 'எந்தத் தேதிக்குள்?' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கிறேன்.

ராகிங்கைத் தடைசெய்யும் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வகுப்பும் தெளிவாக இருந்தது. மனநல ஆலோசனைக்கு ஒரு மணி நேரமே ஒதுக்கியது பெருங்குறை. விடுதி அறையில் நள்ளிரவில் அழும் மாணவனிடம் முதலில் என்ன பேசுவது என்ற என் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.