34,500 ரூபாய்க்கு ஒரு வெற்றுக் குழாய்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் வட்டாரத்தில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (என்ஜின் புகையின் நச்சைக் குறைக்க சைலன்சர் குழாயில் இருக்கும் பாகம்) மாற்றித் தருகிறேன் என்று என்னிடம் 34,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத தகரக் கூட்டைப் பற்றவைத்து அனுப்பியிருக்கிறார்கள். நேற்று மதுரையில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை. மற்றவர்கள் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கார் 2014 மாடல், சென்னையில் ஒருவர் ஓட்டியதை வாங்கியது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் உப்பு வந்து வண்டியின் அடிவயிற்றில்தான் ஒட்டும். சைலன்சர் துருப்பிடித்து விழுவது இங்கே யாருக்கும் செய்தியே அல்ல. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. பாம்பன் சாலைப் பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது. அடியில் கல் உருளுவதுபோல் சத்தம். வண்டியை நிறுத்தினால் அழுகிய முட்டை நாற்றம். பிறகு மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

ராமநாதபுரத்தில் எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை. லிப்ட், ஸ்கேனர், கண்ணாடி அறை, தண்ணீர் கேன் எல்லாம் உள்ள இடம்தான், மரத்தடிப் பட்டறை அல்ல.

முதலாளி நன்றாகத்தான் பேசினார். ஸ்கேனரை மாட்டி, பி0420 என்ற எண்ணை, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோளாறுக் குறியீட்டை, என்னிடம் காட்டினார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று; முன்னது காட்டும் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின்னது காட்டுவது ஓரளவு நிலையாக நிற்க வேண்டும்; உங்கள் வண்டியில் இரண்டும் ஒரே மாதிரி ஆடுகின்றன என்று விளக்கினார். ரப்பர் சுத்தியலால் அடியில் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம். "பீங்கான் தேன்கூடு நொறுங்கிவிட்டது அண்ணே. இனிமேல் இதில் உயிர் இல்லை" என்றார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இப்போதும் எரிகிறது. நோயைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் கொள்ளையடித்திருக்கிறார்.

மறுநாள் போனபோது டேப் பிரிக்காத அட்டைப்பெட்டியை என் கையிலேயே கொடுத்தார். "பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். எடுத்தேன். பெட்டியைப் பிரித்து, பளபளக்கும் கன்வெர்ட்டரை வெளியே எடுத்துக் காட்டி, அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். பொடிப்பொடியான சதுரத் துளைகள், அச்சு வார்த்த மாதிரி. இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்பவரிடம் வேறு என்ன கேட்பது? டீ வந்தது. பழையதைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, "அந்தத் துருப்பிடித்த இரும்பு எதற்கு? காயலான் கடைக்காரன்கூட எடுக்கமாட்டான்" என்று சிரித்தார்.

காயலான் கடைக்காரன் எடுக்காத இரும்பா அது? கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். அளவு சில கிராம்தான். ஆனால் ரோடியம் 2021-இல் தங்கத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போன உலோகம். தேன்கூடு நொறுங்கினாலும் உலோகம் அந்தத் துண்டுகளிலேயேதான் இருக்கும். வெளிநாடுகளில் நிறுத்தியிருக்கும் காரின் அடியில் படுத்து இதை மட்டும் அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கே அறுக்கவே தேவையில்லை, வண்டியை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

பணம் 34,500 ரூபாய். 20,000 மட்டும் ஜிபேயில் அனுப்பச் சொன்னார். மீதி 14,500 ரொக்கம், "வரி கணக்கில் தொல்லை அண்ணே" என்று. கையெழுத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்: "சைலன்சர் வேலை". ஜிஎஸ்டி எண் கிடையாது. கேட்டதற்கு, கம்ப்யூட்டர் பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவில்லை.

விளக்கு அணைந்திருந்தது. சில வாரம் கழித்து மறுபடி எரிந்தது. வண்டிச் சத்தமும் கூடியிருந்தது, பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. போன் செய்தேன். புதுப் பொருள், பழக நாளாகும் என்றார். அடுத்த முறை, நீங்கள் போடும் பெட்ரோல் சரியில்லை. அதற்கடுத்து உப்புக்காற்று, சென்சார் கம்பி பூத்திருக்கும், அதற்குத் தனியாகச் செலவாகும். பிறகு போனை எடுப்பதே கடைப் பையன்தான். முதலாளி தொண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சார். அந்தக் கல்யாணம் முடிந்தபாடில்லை.

அம்மாவை மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, அங்கே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பின் சென்சாரில் கை வைத்தவுடனே சிரித்துவிட்டார். சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டைத் திருகி வைத்திருக்கிறார்கள். சென்சாரின் முனை புகை ஓட்டத்துக்கு எட்டாமல் விலகி நின்றால், கன்வெர்ட்டர் வேலை செய்வதாக என்ஜின் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளுமாம், விளக்கும் அணையுமாம், கொஞ்ச காலத்துக்கு. சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிய கேமராவை உள்ளே விட்டார். திரையில் தேன்கூடும் இல்லை, துளைகளும் இல்லை. வெறும் தகரச் சுவர். நான் கண்ணை வைத்துப் பார்த்த புதுப் பொருள் என் வண்டியில் ஏறவே இல்லை. மாட்டியிருந்ததில் பார்ட் நம்பரும் இல்லை. வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பற்றவைத்த இடத்தில் அதற்குள் துரு கொப்புளித்திருந்தது.

இன்னொன்றும் சொன்னார். பழைய கன்வெர்ட்டர் நொறுங்கியதற்கு இக்னிஷன் காயில், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் பாகம், காரணமாக இருந்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகும், உடையும். அதைப் பார்க்காமல் நிஜமான புதுக் கன்வெர்ட்டரையே போட்டிருந்தாலும் இதே கதிதான். முப்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கியவர் அந்தக் காயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நேற்று மாலை திரும்பும் வழியில் நேராகக் கடைக்கே போனேன். கல்யாணத்துக்குப் போனவர் கண்ணாடி அறையில்தான் உட்கார்ந்திருந்தார். கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினேன். "மதுரையில் எவனோ கழற்றிவிட்டு எங்கள்மீது பழி போடுகிறான்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்கள் கொடுத்தது 20,000 தானே? சைலன்சர் வேலைக்கு அது சரியாகப் போய்விட்டது. சீட்டில் கன்வெர்ட்டர் என்று எழுதியிருக்கிறதா, காட்டுங்கள்." அண்ணே என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து காணாமல் போயிருந்தது.

34,500 போனது ஒரு பக்கம். இந்த வண்டி இப்போது புகைப் பரிசோதனையில் தேறாது. என் வண்டி மாதிரி பிஎஸ்-4 (புகை அளவுக்கான அரசுத் தரம்) பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெற்றுக் குழாயை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அதுவும் என் தலையில்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய கன்வெர்ட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். மாட்டும்போது லிப்டுக்குக் கீழே நின்று பாருங்கள், பெட்டியில் இருக்கும் எண்ணும் வண்டியில் ஏறும் பொருளின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பில்லில் பொருளின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏன் கெட்டது என்று முதலில் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். மதுரை மெக்கானிக் கேமராப் படங்களோடு கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கையில் வந்ததும் மனு போகிறது.